பூ சரி, முகம்தான் தப்பு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பக்கத்து வீட்டில் பஜ்ஜி மிஞ்சிவிட்டது.

பெண் பார்க்க வந்தவர்கள் அவசரமாக எழுந்து போனால் பஜ்ஜி மிஞ்சத்தானே செய்யும்? வாழைக்காய் பஜ்ஜி, கேசரி, பாதி குடித்த காபி டம்ளர்கள்... எல்லாம் போட்டது போட்டபடி கிடந்தன. எனக்கும் ஒரு தட்டை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். வாயில் வைக்க முடியவில்லை.

அவர்கள் எழுந்து போனதற்குக் காரணம் நான். நானும், என் கேமராவும், எனக்கு உதவ வந்த முகம் தெரியாத சில வெளிநாட்டு நண்பர்களும். இதில் யார் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்த வாரம் உட்கார்ந்தேன். எப்படிப் பிரித்தாலும் எல்லாம் என் பக்கமே வந்து விழுகிறது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் டிஜிட்டல் கேமராவைத் தெரியும். வெளிநாட்டில் இருக்கும் பையன் வாங்கி அனுப்பியது. அது வந்த நாளிலிருந்து காக்கையை எடுத்தேன், மலைக்கோட்டையை எடுத்தேன், வடமதுரை ரோட்டுப் புளியமரத்தை எடுத்தேன் என்று எழுதி உங்களைப் பாடாய்ப் படுத்தியிருக்கிறேன். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் ஓய்வுபெற்ற பௌதிகப் பேராசிரியன். கல்லூரியில் ஒளியியல் நடத்தியவன். வில்லை, ஆடி, நிறமாலை என்று கரும்பலகையில் வரைந்தே தலை நரைத்தவன். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். கடைசிவரை இது எனக்கு உதவவே இல்லை.

பக்கத்து வீட்டுக்காரர் பெருமாள். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறார். விடிவதற்கு முன்பே கடைக்குப் போய்விடுவார். மத்தியானம் திரும்பும்போது அவருக்கு முன்னால் மல்லிகை வாசம் தெருவுக்குள் வரும். அவருடைய ஒரே மகள் ராஜி. எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, பி.எட். தனியார் பள்ளி ஒன்றில் டீச்சர். சுறுசுறுப்பான பேச்சு. நல்ல உயரம். நிறம்...

பாருங்கள், நிறம் என்று வந்ததும் பேனா தடுமாறுகிறது! 'மாநிறம்' என்று எழுதத்தான் கை போகிறது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ஜாதகக் குறிப்பில் எல்லாப் பெண்களும் ஒன்று சிவப்பு, இல்லையென்றால் மாநிறம். கறுப்பான பெண்கள் இந்த ஜில்லாவில் பிறப்பதே இல்லை போலிருக்கிறது.

ராஜி கறுப்பு. எழுதிவிட்டேன்.

அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேர மாத்திக்கங்க சார். நெறத்த மாத்தாதீங்க" என்றாள். அப்படி அவள் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அதுதான் இந்த வாரக் கதை.

சில மாதங்களுக்கு முன் ராஜிக்கு ஒரு வரன் வந்தது. அப்போது ஸ்டுடியோவில் எடுத்த படத்தைத்தான் அனுப்பியிருந்தார்கள். பின்னால் நீலத்திரை. முகத்தில் பவுடர். பவுடருக்கு மேல் விளக்கு. விளக்குக்கும் மேல் கம்ப்யூட்டரில் டச்சிங். பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பார்த்தார்கள், கையிலிருந்த படத்தைப் பார்த்தார்கள். "போட்டோவுல இருக்கிறது தங்கச்சிங்களா?" என்று கேட்டார்கள்.

ராஜிக்குத் தங்கையே கிடையாது.

அதற்குப் பிறகுதான் ஒருநாள் அப்பாவும் மகளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள்.

"சார், இனிமே அந்த ஸ்டுடியோப் பக்கம் காலெடுத்து வைக்க மாட்டேன். நீங்க எடுங்க" என்றாள் ராஜி. "பவுடர் வேணாம், டச்சிங் வேணாம். நான் எப்படி இருக்கேனோ அப்படி எடுங்க. பாக்க வாரவங்க போட்டோவ மொதல்லயே பாத்துட்டு, வேணாம்னா அவங்க வீட்டுலயே உக்காந்துக்கட்டும். இங்க வந்து பஜ்ஜியத் தின்னுட்டுச் சொல்ல வேணாம்."

"ஆத்தா, செத்த சும்மா இரு. பொட்டப்புள்ள பேசுற பேச்சா இது?" என்றார் பெருமாள். பிறகு என்னிடம், "சார், காக்காயெல்லாம் அம்புட்டு அழகா எடுக்குறீங்க. எங்க புள்ளைய எடுக்க மாட்டீங்களா?"

உள்ளேயிருந்து என் மனைவி கோமதி குரல் கொடுத்தாள்: "எடுப்பாரு, எடுப்பாரு. பறந்து போகாம நிக்கச் சொல்லுங்க."

மறுநாள் காலை எங்கள் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், ராஜியை நிறுத்தினேன். நேர்வெயில் படாத நல்ல வெளிச்சம். இளம்பச்சைச் சேலை கட்டியிருந்தாள். தோளுக்கு முன்னால் விழும்படி மல்லிகைச் சரம். அப்பா கடைப் பூ. 'சிரிம்மா' என்றேன். "எதுக்கு சார் சிரிக்கணும்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு, கேட்டதற்காகவே சிரித்தாள். அந்த நொடியில் பொத்தானை அழுத்தினேன்.

நல்ல படம். என் வாழ்நாளில் நான் எடுத்த மனிதப் படங்களிலேயே அதுதான் நல்ல படம். இப்போது சொல்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை.

அன்றைக்கு என்ன ஆனது தெரியுமா? கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. இதென்ன... இவ்வளவு கறுப்பாக விழுந்திருக்கிறதே!

விசித்திரம் என்னவென்றால், நேரில் பார்க்கும்போது அவள் எனக்குக் கறுப்பாகத் தெரிந்ததே இல்லை. ராஜியாகத்தான் தெரிவாள். படமாகப் பார்த்தவுடன் கேமராவில் ஏதோ கோளாறு என்றுதான் புத்தி போனது. ஏன்? யோசித்து யோசித்து ஒரு பதிலுக்கு வந்திருக்கிறேன். சரியா என்று நீங்கள்தான் சொல்லவேண்டும். கல்யாணத்துக்குக் கொடுக்கும் படம் என்றால் முகம் இன்ன நிறத்தில்தான் இருக்கும் என்று எனக்குள் ஏற்கெனவே ஒரு தீர்மானம் இருந்திருக்கிறது. வாழ்க்கை முழுக்க நான் பார்த்த அத்தனை ஸ்டுடியோ படங்களும் சேர்ந்து செய்து வைத்த தீர்மானம். படம் அந்த நிறத்தில் இல்லை. ஆகவே கேமரா ரிப்பேர்! படம் எங்கே என்று கேட்ட பெருமாளிடமும் அப்படியே புலம்பிவைத்தேன்.

ரிப்பேர் என்றால் நான் எங்கே போவேன்? ஃபோரத்துக்குத்தான்.

ஃபோரம் என்பது இன்டர்நெட்டில் கேமராப் பைத்தியங்கள் கூடும் இடம். உலகத்தின் எந்த மூலையில் யாருடைய கேமரா தும்மினாலும் அங்கே வந்து எழுதலாம். முன்பின் தெரியாத யாராவது மருந்து சொல்வார்கள். முன்பு என் மெமரி கார்டு அடம்பிடித்தபோது ஒரு பிரேசில்காரர்தான் பொறுமையாக வழி சொன்னார். அவர் யார், எப்படி இருப்பார்... ஒன்றும் தெரியாது. பக்கத்துத் தெருக்காரனிடம் ஏணி இரவல் கேட்கக் கூச்சப்படுகிற நான், பிரேசில்காரரிடம் கூச்சமே இல்லாமல் உதவி கேட்டேன். இதுவும் ஒரு புதிர்தான்.

வீட்டில் டயல்-அப் இணைப்பு. ஒரு படம் ஏறுவதற்குள் லைன் அறுந்துவிடும். அதனால் படத்தை சிடியில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனேன். ஆங்கிலத்தில் இப்படி எழுதினேன்: 'என் கேமராவில் நிறம் தவறாக வருகிறது. மனித முகம் உண்மையைவிடக் கறுப்பாகப் பதிவாகிறது. நண்பர்கள் உதவவும்.'

'மாதிரிப் படம் ஒன்று போடுங்கள்' என்று உடனே பதில். நாக்கை நீட்டச் சொல்லும் டாக்டர் மாதிரி அங்கே எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். போட்டேன். ராஜியின் படத்தைப் போட்டேன்.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றி, வேண்டாம் என்று விட்டிருந்தாலாவது ஒரு குற்ற உணர்ச்சி இருந்திருக்கும். தோன்றவே இல்லை. காக்கைப் படத்தைக் காக்கையிடம் கேட்டா போட்டேன்?

பதில்கள் வந்து குவிந்தன. குழப்பமும் குவிந்தது.

ஒருவர் 'வொயிட் பேலன்ஸ்' என்றார். வெயிலில் வெள்ளை ஒரு மாதிரி, டியூப் லைட்டில் வேறு மாதிரி. எது வெள்ளை என்று கேமராவுக்கு நாம்தான் சொல்லித்தர வேண்டுமாம். சொல்லித்தந்தேன். முகம் மாறவில்லை.

இன்னொருவர், 'கேமராவை விடுங்கள், உங்கள் கம்ப்யூட்டர் திரை சரியா?' என்றார். பிரவுசிங் சென்டரில் ஒவ்வொரு திரையாக மாறி மாறி உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றில் ராஜி நீலமாக இருந்தாள். அடுத்ததில் பச்சை. சென்டர் உரிமையாளர் எட்டிப் பார்த்தார்.

"சார், அந்த மிஷின்ல எல்லாருமே பச்சைதான். என் கல்யாண வீடியோவுல நானே பச்சையாத்தான் இருந்தேன். நீங்க மூலையில இருக்குற மிஷின்ல உக்காருங்க. அதுல எல்லாரும் கொஞ்சம் செவப்பா வருவாக."

மூலை மிஷினில் உட்கார்ந்தேன். உண்மைதான். கொஞ்சம் சிவப்பாகத்தான் வந்தாள்.

மூன்றாவது ஆள் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: 'உங்களுக்கு வயது என்ன? கண்புரை ஏதாவது?' எனக்கு வலது கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டது. இடது கண் காத்திருக்கிறது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். மறு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். ஆபரேஷன் செய்த கண்ணில் எல்லாம் நீலம் போட்ட வேட்டி மாதிரி பளிச்சென்று இருந்தது. செய்யாத கண்ணில் எல்லாம் பழுப்பேறிய வேட்டி. அட, இதை நான் அதுவரை கவனித்ததே இல்லை!

ஆக, வலது கண்ணுக்கு ஒரு ராஜி, இடது கண்ணுக்கு ஒரு ராஜி, மூலை மிஷினுக்கு ஒரு ராஜி. இதில் எது ராஜி? ஒருநாள் மொட்டை மாடியில் நின்றுகொண்டு மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். அப்போது பக்கத்து மாடியில் நிஜ ராஜி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்திப் பார்த்திருந்தால் சந்தேகம் தீர்ந்திருக்கும். நான் குனிந்து கேமராவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு நார்வேக்காரர் வந்தார். ஓய்வுபெற்ற பல் டாக்டர். அந்த ஃபோரத்தில் மாடரேட்டரும் அவர்தான். அதாவது, சண்டை வந்தால் விலக்கிவிடுகிறவர். எத்தனை விதமான வெள்ளை உண்டு என்பது பல் டாக்டருக்குத் தெரியாதா?

'தலையில் வைத்திருப்பது என்ன பூ?' என்று கேட்டார்.

'மல்லிகை' என்றேன்.

'நேரில் அது என்ன நிறம்?'

'சுத்த வெள்ளை.'

'என் திரையிலும் சுத்த வெள்ளையாகத்தான் தெரிகிறது. மஞ்சளும் கலக்கவில்லை, நீலமும் கலக்கவில்லை. வெள்ளை சரியாக இருந்தால் அதே வெளிச்சத்தில் இருக்கும் மற்ற நிறங்களும் சரியாகத்தான் இருக்கும். உங்கள் கேமராவுக்கு ஒன்றும் இல்லை. அழகான படம். வாழ்த்துகள்.'

தெரிந்த ஒன்றை அளவாக வைத்துக்கொண்டு தெரியாததை அளப்பது. பௌதிகத்தில் முதல் வாரமே நடத்துகிற பாடம். எத்தனை பிள்ளைகளுக்கு நடத்தியிருப்பேன்! எத்தனை பேரை இது தெரியவில்லை என்று பெஞ்சு மேல் ஏற்றாத குறையாகத் திட்டியிருப்பேன்! நான் அவருக்கு எழுதிய பதிலை அப்படியே கீழே தருகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

'ஐயா, பூ சரியாக இருக்கிறது. முகம் மட்டும்தான் தப்பாக இருக்கிறது.'

மறுநாள் நார்வேக்காரர் எழுதினார்: 'ஒரே வெளிச்சம், ஒரே லென்ஸ், ஒரே நொடி. பூவைச் சரியாகவும் முகத்தைத் தப்பாகவும் எடுக்கிற கேமராவை நான் கேள்விப்பட்டதே இல்லை. எனக்கு விலைக்குத் தருவீர்களா?' பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்.

இங்கிலாந்திலிருந்து ஓர் அம்மாள் தயங்கித் தயங்கி ஒரு வரி எழுதினார்: 'தவறாக நினைக்காதீர்கள்... அந்தப் பெண்ணின் நிறமே அதுதானோ?'

எனக்குக் கோபம் வந்ததே பார்க்கவேண்டும்! 'அவளைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறவன் நான்' என்று ஆங்கிலத்தில் சீறினேன். அந்த அம்மாள் மன்னிப்புக் கேட்டார். ஆமாம்... அவர் என்னிடம் கேட்டார்.

கடைசியாக ஒருவர் வந்தார். எந்த ஊர் என்று அவர் போட்டிருக்கவில்லை. 'இதுதானே வேண்டும்? ஐந்து நிமிட வேலை' என்று எழுதி, ராஜியின் படத்தையே மாற்றி அனுப்பியிருந்தார். கோதுமை நிறத்தில் ஒரு ராஜி. கேமரா பழுதா இல்லையா என்ற கேள்வியை அவர் தொடவே இல்லை. எனக்குத் தேவை பதில் இல்லை, வேறு படம்தான் என்பது அத்தனை பேரில் அவர் ஒருவருக்குத்தான் புரிந்திருக்கிறது.

'பிரச்சினை தீர்ந்தது' என்று நினைத்தேன். கலர் லேபில் பிரிண்ட் போட்டு பெருமாளிடம் கொடுத்தேன்.

பெருமாள் படத்தைக் கையில் வாங்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "மூஞ்சி லட்சணமா வந்திருக்கு சார்..." என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கினார். "ஆனா பூவு ஏன் சார் சுண்ணாம்பாட்டம் இருக்கு? மொட்டே தெரியலையே. நம்ம கடைப் பூவு இப்படியா இருக்கும்?"

முகத்தை வெளுத்த வேகத்தில் பூவும் சேர்ந்து வெளுத்து, வெறும் வெள்ளைத் திட்டாகிப் போயிருந்தது. மகள் முகத்துக்கு நடந்தது அவர் கண்ணில் படவில்லை. மல்லிகைக்கு நடந்தது பட்டுவிட்டது! சிரிக்காதீர்கள். எனக்கும் அவருக்கும் இருப்பது ஒரே ஸ்டுடியோ படங்களைப் பார்த்துப் பழகிய கண்கள்தான்.

"வெளிச்சம் கொஞ்சம் கூடிப்போச்சு பெருமாள்" என்றேன்.

படம் கவருக்குள் போய், கவர் தரகர் கைக்குப் போய்விட்டது. சாயந்தரம் பள்ளியிலிருந்து வந்த ராஜி, மதில் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள்.

"நல்லா வந்துச்சாமே சார். அப்பா சொன்னாரு."

"நல்லா வந்திருக்கும்மா."

"என்னைய மாதிரி இருக்கேனா?"

"உன்னை மாதிரியேதான்."

ஸ்டுடியோக்காரரை நம்பாத பெண் என்னை நம்பினாள். 'தாங்க்ஸ் சார்' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். படத்தைப் பார்க்கவேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான் போன ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர்கள். கேரளாவுக்குப் போகும் லாரிகளைப் பையன் பார்த்துக்கொள்கிறான். பையனும் அவன் அம்மாவும் தாய்மாமனும் வந்திருந்தார்கள். எனக்கு முன்வரிசை நாற்காலி. "போட்டோ எடுத்தது இவுகதான். பெரிய புரொபசரு" என்று பெருமாள் அறிமுகம் வேறு செய்துவைத்தார். நான் கைகூப்பினேன். அந்த நிமிடம்வரை எனக்கு எந்த உறுத்தலும் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ராஜி காபித் தட்டுடன் வந்தாள். பையனின் அம்மா அவளை நன்றாகப் பார்த்தார். டம்ளரை எடுத்துக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். பிறகு கைப்பையைத் திறந்து படத்தை எடுத்துப் பார்த்தார். தன் தம்பியான அந்தத் தாய்மாமனிடம் கொடுத்தார். தம்பி பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் அந்த அம்மாள் பெருமாளிடம். "இந்தப் போட்டோவுல இருக்கறது இந்தப் புள்ளதானுங்களா?"

ராஜிதான் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"குடுங்கம்மா, பாக்குறேன்."

பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. கணக்கில் எங்கே தப்பு என்று தேடுகிற பிள்ளையின் பார்வை.

"இது நான் இல்லீங்கம்மா" என்றாள். "நான் இருக்கிற மாதிரியே எடுங்கன்னுதான் சார்கிட்டச் சொன்னேன். இந்தப் படத்த நான் இப்பத்தான் பாக்குறேன்."

"நெறத்துக்குச் சொல்லலீங்க கண்ணு" என்றார் அந்த அம்மாள். "நானே கறுப்புத்தான். எங்கூட்டுல எல்லாருமே இப்படித்தானுங்க. படத்துல ஒண்ணு, நேருல ஒண்ணுன்னா மனசு ஒப்ப மாட்டேங்குதுங்களே. மொத அடியே இப்படீன்னா, படிப்பு, வயசு, இதெல்லாம் எப்படியோன்னு தோணுமா, தோணாதுங்களா? நீங்களே சொல்லுங்க."

தாய்மாமன் எழுந்தார். "ஊருக்குப் போயித் தகவல் சொல்லுறோமுங்க." பையன் செருப்பை மாட்டினான். கார் கிளம்பியது.

ராஜியின் நிறம் அவர்களுக்குப் பொருட்டே இல்லை. என் பொய்தான் பொருட்டாகிவிட்டது. நான் எடுத்த படத்தை எடுத்தபடியே கொடுத்திருந்தால் அந்தக் காபியை முழுசாகக் குடித்திருப்பார்கள். இந்த ஒரு விஷயம்தான் அன்றிலிருந்து என்னை அரிக்கிறது.

பெருமாள் நல்ல மனிதர். அந்த நிலைமையிலும் என்னைத்தான் தாங்கிப் பிடித்தார். "சார் என்ன செய்வாரு பாவம். கேமராவுல ஏதோ கோளாறுன்னு அன்னைக்கே புலம்பிக்கிட்டு இருந்தாரு" என்றார். பஜ்ஜித் தட்டை நீட்டியதும் அவர்தான்.

ராஜி கேட்டாள்: "கேமராவா சார்?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். இவ்வளவு சுலபமான வழி யாருக்குக் கிடைக்கும்? கேமரா மறுத்துப் பேசவா போகிறது? ஒரு கணம் சபலப்பட்டேன் என்பது உண்மை.

"இல்லம்மா. கேமரா சரியாத்தான் எடுத்துச்சு. நான்தான் மாத்திக் குடுத்தேன்" என்றேன். பெருமாள் கையிலிருந்த இன்னொரு தட்டைக் கீழே வைத்தார். ஃபோரத்தில் படத்தைப் போட்டதையும் சொன்னேன்.

"எனக்கு அதைப் பாக்கணும்" என்றாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் பிரவுசிங் சென்டருக்கே வந்துவிட்டாள். நான் திறந்து கொடுத்தேன். முதலிலிருந்து ஒரு வரி விடாமல் படித்தாள். நார்வேக்காரர் கேமராவை விலைக்குக் கேட்ட இடத்தில் அவளை அறியாமல் சிரித்துவிட்டாள். இங்கிலாந்து அம்மாளுக்கு நான் எழுதிய பதிலில் சிரிப்பு நின்றுவிட்டது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மேலே ஓர் எண் இருக்கும். அதைப் பார்த்தாள்.

"இம்புட்டுப் பேரா சார்?"

நான் மவுஸை எடுத்துப் பக்கத்தைக் கீழே தள்ளினேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலையா?"

"தோணலம்மா."

"என் மூஞ்சியில என்ன ரிப்பேருன்னு ஒலகம் பூராம் கேட்டிருக்கீங்க."

"கேமராவுலன்னுதான்மா கேட்டேன்..."

"அப்படியா சார்?" என்றாள். நான் பாடம் நடத்திய காலத்தில் எந்த மாணவரும் என்னை இப்படி ஒரே வார்த்தையில் உட்கார வைத்ததில்லை.

"என்னை மன்னிச்சிரும்மா."

"மன்னிக்கிறதெல்லாம் அப்புறம் பாப்போம் சார். மொத அந்தப் படத்த அங்கிருந்து எடுக்கச் சொல்லுங்க. பெறகு, நீங்க எடுத்தீங்கல்ல, அந்த ஒரிஜினல், அதைச் சிடியில போட்டு எனக்குக் குடுங்க."

கொடுத்தேன். அவளே பிரிண்ட் போட்டாள். பெருமாளிடம் சொல்லிவிட்டு, ஒட்டன்சத்திரத்துக்கு அவளே தபாலில் அனுப்பினாள். பின்பக்கத்தில் என்ன எழுதினாள் என்று கோமதியிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. கோமதியும் சொல்ல மாட்டேன் என்கிறாள். அங்கிருந்து பதில் இன்னும் வரவில்லை. வருமா, வராதா? வந்தால் என்னவென்று வரும்? தபால்காரர் எங்கள் தெருவுக்குள் திரும்பும்போதெல்லாம் நான்தான் முதலில் வாசலுக்குப் போகிறேன். அவர் எனக்கு டெலிபோன் பில்லை நீட்டுகிறார்.

படத்தை எடுத்துவிடும்படி நார்வேக்காரருக்கு எழுதினேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: 'படத்தை இங்கே போட்டபோது அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா?'

'தெரியாது' என்று எழுதினேன்.

உடனே எடுத்துவிட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். படம் இருந்த இடத்தில் இப்போது ஒரு வெற்றுக் கட்டம் இருக்கிறது. அதற்குக் கீழே ஐந்தாறு நாட்டுக்காரர்கள் 'பூ வெள்ளைதான், சரியான வெள்ளைதான்' என்று இல்லாத பூவைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். யாராவது புதிதாக வந்து படித்தால் மண்டை குழம்பிப்போவார்கள். குழம்பட்டும். எனக்குத் துணை.

ஆனால் அந்த ஃபோரத்தில் ஒரு வழக்கம் உண்டு. உதவி கேட்டவர், கோளாறு என்ன, எப்படித் தீர்ந்தது என்று கடைசியில் எழுதிவைக்கவேண்டும். அதே கோளாறோடு பின்னால் வருகிறவர்களுக்குப் பயன்படும் அல்லவா? நார்வேக்காரர் அதை நினைவுபடுத்தினார்.

லென்ஸ், வெளிச்சம், கண்புரை என்று ஒரு பாரா எழுதினேன். அழித்தேன். கலாசாரம், சமூகம் என்று இன்னொரு பாரா எழுதினேன். அதில் நான் எங்கேயுமே இல்லை. அதையும் அழித்தேன். கடைசியில் எழுதியது இவ்வளவுதான்: 'கேமராவில் எந்தக் கோளாறும் இல்லை. அந்தப் பெண் கறுப்பு. நான் அதைக் கோளாறு என்று நினைத்துவிட்டேன். உதவிய எல்லோருக்கும் நன்றி.'

மறுநாள் போய்ப் பார்த்தேன். கான்பூரிலிருந்து ஒருவர் அதற்குக் கீழே எழுதியிருந்தார்:

'எனக்கும் இதே பிரச்சினைதான் சார். ஆனால் என் கேமரா வேறு கம்பெனி.'